ஒரு சாண் உயரம்

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஒரு பழைய சாண்ட்ரோ காரில் போனேன். ஓட்டியவர் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக்காரர். கண் வைத்தியம் முடிந்து திரும்பும் அவருடைய தாயார் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் வண்டி முனகிற்றே தவிர, நிற்கவில்லை. "விற்றுவிடலாமென்று பார்க்கிறேன், சார்" என்றார் அவர். கிழவி சும்மா இருக்கவில்லை. "இதுலன்னா நானே ஏறி நானே எறங்கறன். விக்காதடா" என்றாள்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஹூண்டாய் மோட்டார் கம்பெனியை 1967-ல் தொடங்கிய சுங் ஜூ-யுங் ஒரு குடியானவர் மகன். தகப்பனார் மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர். 1975-ல் அவர்களுடைய முதல் சொந்தக் காரான போனிக்கு உருவம் வரைந்து கொடுத்தவர் ஜியுஜாரோ என்ற இத்தாலியர். இருபத்தொரு வருஷம் கழித்து, 1996-ல், அதே கம்பெனி இந்தியாவில் கிளை தொடங்கி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டது.

அப்போது நம்மவருக்குச் சின்னக் கார் என்றால் 1983-ல் வந்த மாருதி 800 தான். கொரியர்கள் 1997-ல் தங்கள் நாட்டில் விட்ட அடோஸ் என்ற காரை இங்கே கொண்டுவர எண்ணினார்கள். அதுவோ நெட்டை, பார்வைக்கு ஒரு மாதிரி. ஆகவே நமக்காக அதன் முகத்தையும் பின்பக்கத்தையும் மாற்றினார்கள். உயரத்தை மட்டும் குறைக்கவில்லை. மூன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு குடும்பத்தை உட்காரவைக்க வேண்டுமானால், மேலே போவதைத் தவிர வேறு வழி ஏது? சுமார் 1.6 மீட்டர் உயரம். மாருதியைவிட ஏறக்குறைய ஒரு சாண் கூடுதல். ஆசனமும் உயர்ந்தது. பள்ளத்தில் இறங்குவதுபோல் காருக்குள் நுழைந்தவர்கள், நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தார்கள். எஞ்சின் 999 சி.சி., நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் கிடையாது.

1998 செப்டம்பரில் சாண்ட்ரோ வெளிவந்தது. அதே வருஷம் ஜூன் மாதம், எண்பது வயதைக் கடந்த சுங், 500 மாடுகளுடன் எல்லை தாண்டி, தாம் பிறந்த வட கொரியாவுக்குப் போனார். அன்று எடுத்த ஒரு மாட்டுப் பணத்துக்கு அப்படி ஒரு வட்டி!

2014-ல் சாண்ட்ரோவை நிறுத்தினார்கள். 2018-ல் அதே பெயரில் வந்த புதிய காரும் 2022-ல் நின்றுபோயிற்று. வண்டிக்கு வயதாகிவிட்டால் விற்கத்தானே வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

வீடு வந்தது. மகன் கை கொடுக்க ஓடினார். அதற்குள் கிழவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, தானே இறங்கி நின்றாள். விற்கிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.