லெய்னஸ், பிரான்சிஸ்கோ (1656–1715)

சாந்தோமைத் தலைமையிடமாகக் கொண்ட மயிலை மறைமாவட்டத்தின் ஆயர். சேசு சபைத் துறவி. தமிழ்க் கிறித்தவர்களின் வழக்கங்கள் விசுவாசத்துக்கு மாறானவை அல்ல என்று ரோமிலேயே வாதாடியவர்.

லிஸ்பனில் பிறந்த லெய்னஸ் மதுரை மிஷனில் பல்லாண்டு உழைத்தார். அந்த மிஷனைத் தொடங்கிய நோபிலி காட்டிய வழியில் அங்கே குருக்கள் காவியுடுத்தி, புலால் நீக்கி வாழ்ந்தனர். 1693 பிப்ரவரியில் ஓரியூரில் மிஷன் குரு அருளானந்தரின் தலை வெட்டப்பட்டபோது மிஷனின் தலைவர் இவரே. அந்த மரணத்தை விவரித்து உடன் துறவிகளுக்கு இவர் எழுதிய கடிதம் ஐரோப்பாவில் அச்சாகிப் பரவியது.

சோதனை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. சீனம் செல்லும் வழியில் புதுச்சேரியில் தங்கிய திருத்தந்தையின் தூதர் டூர்னோன், தமிழ்நாட்டின் உட்பகுதிகளைப் பார்க்காமலே 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். திருமுழுக்கில் எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடக் கூடாது என்று கட்டளைகள் நீண்டன. எச்சிலைத் தீட்டாகக் கருதும் மக்களிடம் முதல் கட்டளையே எவ்வளவு பெரிய இடர் என்பது தமிழர் எவருக்கும் புரியும். லெய்னஸும் பூஷே என்ற பிரெஞ்சுக் குருவும் ரோமுக்குப் பயணமாயினர். இவ்வழக்கங்கள் சமூக ஒழுக்கம், வழிபாடு அல்ல என்று நிறுவ லெய்னஸ் எழுதிய லத்தீன் நூல் 1707இல் ரோமில் வெளியாயிற்று. மறுஆண்டு அவர் மயிலை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மக்களோடு வாழ்ந்தவரின் அறிவு அந்த வாதத்துக்கு வலிமை தந்தது.

ஆணையின் ஒரு பிரிவில் மட்டும் நியாயம் டூர்னோன் பக்கமே இருந்தது. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே சென்று குருக்கள் அருள்சாதனம் வழங்க வேண்டும் என்றது அது. சாதி மக்கள் விலகிவிடுவர் என்ற அச்சத்தில் மிஷன் இதற்குத் தயங்கியது. சாவுப் படுக்கையில் கிடப்பவரின் குடிசைக்குள் நுழையாமையைச் சமூக ஒழுக்கம் என்று ஏற்க இயலாது.

1712இல் திருத்தந்தை 11ஆம் கிளெமெண்ட், ஆணை நீடிப்பதை மயிலை ஆயருக்கே மடல் எழுதித் தெரிவித்தார். அக்காலத்தில் வங்கமும் மயிலை ஆயரின் பொறுப்பிலேயே இருந்தது. அங்கு மேய்ப்புப் பயணம் சென்ற லெய்னஸ் 1715இல் சந்திரநாகூரில் காலமானார்.

சச்சரவு 1744இல்தான் முடிந்தது. அவ்வாண்டு திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஆணையின் பெரும்பகுதியை உறுதிசெய்தார். பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்க சேசு சபை முன்வந்ததையும் ஏற்றார்.