வெள்ளிக் கலமும் முத்திரையும்: யாருடைய பொறுப்பு?

இந்திய நகைக்கடைகளில் அன்றாடம் வழங்கும் 'ஹால்மார்க்' என்னும் சொல் இலண்டன் நகரின் ஒரு கட்டடத்திலிருந்து பிறந்தது. அங்குள்ள பொற்கொல்லர் சங்கக் கூடமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் இடப்பட்ட முத்திரை என்பதே அதன் பொருள். பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டியின் காம்பிலும் தட்டின் அடியிலும் வரிசையாகக் காணப்படும் இச்சிறு குறிகள், ஓர் அரசின் ஐயத்திலிருந்து தோன்றியவை.

அக்காலத்தில் வெள்ளிக் கலம் உணவு பரிமாறுவதற்கு மட்டும் உரியதன்று. செல்வர் இல்லத்தின் சேமிப்பும் அதுவே. தேவை நேர்ந்தால் உருக்கி நாணயமாக்கலாம். 1640களின் உள்நாட்டுப் போரில் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகள் பலவற்றின் கலங்கள் முதலாம் சார்லஸ் மன்னருக்காக அவ்வாறே நாணயங்களாயின. ஆகவே கலத்தின் மாற்றுக் குறைவது நாணயத்தின் நம்பகத்தைக் குலைப்பதற்கு ஒப்பாகும்.

1300இல் முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டம், கலங்களின் வெள்ளி நாணய வெள்ளிக்கு நிகராக, இன்றைய கணக்கில் ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மையுடன் இருக்க வேண்டுமென விதித்தது. தேறியவை சிறுத்தைத் தலை முத்திரை பெற்றன. 1363இல் செய்தவரின் குறியும் கட்டாயமாயிற்று. 1478இல் சம்பளம் பெறும் சோதகர் சங்கக் கூடத்தில் அமர்த்தப்பட, ஆண்டுதோறும் மாறும் ஓரெழுத்தும் சேர்ந்தது. இன்று அவ்வெழுத்தைக் கொண்டு அறிஞர் கலத்தின் வயதைக் கணிக்கின்றனர். தொடக்கத்தில் அதன் பணி வேறு: தரக்குறைவான கலம் பிடிபட்டால், அதைத் தேற்றிய சோதகர் யாரெனக் காட்டுவது.

சட்டம் இறுகுந்தோறும் தந்திரமும் வளர்ந்தது. நாணயங்களை உருக்கிக் கலம் செய்யும் வழக்கத்தைத் தடுக்க 1697இல் கலங்களின் தூய்மை ஏறத்தாழ 958 பங்காக உயர்த்தப்பட்டது. பிரிட்டானியாவின் உருவம் அதன் அடையாளம். 1720இல் பழைய தரம் மீண்டபோது அவுன்சுக்கு ஆறு பென்சு வரியும் வந்தது. வரியைத் தவிர்க்க விரும்பிய கைவினைஞர் சிலர், முத்திரை பெற்ற சிறு பொருளின் அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய கலத்தில் பற்றவைத்தனர்.

கைம்பெண்ணான ஹெஸ்டர் பேட்மன் 1761இல் தம் பெயரின் முதலெழுத்துகளை முத்திரையாகப் பதிவு செய்தார். அவ்விரு எழுத்துகள் தாங்கிய கலங்களுக்குப் பின்னால் அவருடைய மக்களும் பணியாளர்களும் அடங்கிய ஒரு பட்டறையே இருந்தது. எந்தக் கை சுத்தியலைப் பிடித்தது என்பதை முத்திரை சொல்வதில்லை. குறை நேர்ந்தால் விடை கூற வேண்டியவரை மட்டுமே அது பெயர் சுட்டுகிறது. கலத்தைப் படிக்கும் வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டை மறந்தால், உழைத்தவர்களை உரிமையாளரின் பெயருக்குள் மறைத்துவிடுவார்.