எடையைக் குறைத்து வேகம் கண்ட கார்

அறுவடைக் காலத்தில் திருக்கடையூர்ப் பக்கம் நெல் மூட்டைகளுடன் வரும் டிராக்டரைக் கவனித்திருப்பீர்கள். கிளம்பும்போது திணறும், நிறுத்த வேண்டுமானால் சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும், வளைவில் தயங்கும். மூட்டைகளை இறக்கிவிட்டு வரும்போது அதே டிராக்டர் துள்ளி ஓடுகிறது. எஞ்சின் மாறவில்லை, சுமைதான் மாறியது. விசை ஒன்றே என்றால், நிறை பாதியானதும் முடுக்கம் இருமடங்காகும் என்பது நியூட்டனின் விதி அன்றோ!

இவ்விதியைத் தம் தொழிலுக்கே அடிப்படையாகக் கொண்டவர் காலின் சாப்மன் (1928–1982) என்ற ஆங்கிலேயர். கட்டுமானப் பொறியியல் பயின்றவர். ஒரு வண்டியில் எந்த உறுப்பு பாரம் தாங்குகிறது, எது சும்மா உடன் வருகிறது என்று பாலம் கட்டுபவரைப் போல் கணக்குப் பார்த்தார். 1957இல் அவருடைய லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற காரை வெளியிட்டது. மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். கதவுகூட இல்லை. ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணியடித்துச் சதுரமாக்கி, ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள்; சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆனது சாயாது. அதனால் குறைந்த உலோகத்திலேயே உறுதி கிடைத்தது.

நம் அம்பாசடரின் எடை ஒரு டன்னுக்கு மேல். செவன் அரை டன்கூட இல்லை. ஆகவே ஃபோர்டின் சாதாரண 1,172 கன செ.மீ. எஞ்சின், சுமார் 40 குதிரைத் திறன், அதற்குப் போதுமானதாக இருந்தது. வாங்கியவர் வார நாளில் அதில் வேலைக்குச் செல்வார். ஞாயிறன்று பந்தயத் திடலுக்கு அதையே ஓட்டிச் செல்வார். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் பிரிட்டனில் விற்பனை வரியும் இல்லை! 1973இல் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியது. இன்றும் அக்கார் தயாராகிறது.

ஆனால் எடையைக் குறைப்பதில் ஆபத்தும் உண்டு. 1970இல் இத்தாலியின் மோன்சாவில் லோட்டஸ் பந்தயக் காரை ஓட்டிய யோகென் ரிண்ட் விபத்தில் மாண்டார். முன்சக்கரத்தின் பிரேக் தண்டு முறிந்ததே காரணம் எனக் கருதப்படுகிறது. அவ்வாண்டின் உலகப் பட்டம் அவர் மறைவுக்குப் பின்னரே அவருக்கு அளிக்கப்பட்டது.

நம் நாட்டில் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது அன்று எளிதன்று. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் ஓட்டியவர்கள் கிடைத்த கார்களையே திருத்தி ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான கோவை எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில், மாருதி 800 காரின் 796 கன செ.மீ. எஞ்சினை எடுத்து இலேசான ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பொருத்தினார். அதுவே ‘ஃபார்முலா மாருதி’. சாலைக்கு உரியதல்ல, திடலுக்கு மட்டுமே. எனினும் கணக்கு சாப்மனின் கணக்குத்தான். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் காலமானார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், பந்தய வாழ்வைத் தொடங்கியது இந்தச் சிறு வண்டியில்தான்.