சோழமண்டலக் கரையின் குளிர்கால இரைக்கொல்லிப் பறவைகள்

சோழமண்டலக் கரையின் உப்பங்கழிகளிலும் சதுப்புகளிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை வலசை வரும் இரைக்கொல்லிப் பறவைகளைக் காணலாம். வடகிழக்குப் பருவமழையில் நீர்நிலைகள் நிறையும் காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்திறங்குகின்றன. அவற்றை வேட்டையாடும் பறவைகளும் வருகின்றன. பழவேற்காடு ஏரி, பள்ளிக்கரணை, கோடியக்கரை ஆகியவை இவற்றைக் காண ஏற்ற இடங்கள். கோடியக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

வலசைப் பறவைகளைப் பிரித்தறிய, ஆண்டு முழுதும் கரையில் வாழ்பவற்றை முதலில் அறிய வேண்டும். செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெண்மை, ஏனைய உடல் செம்பழுப்பு, வால்நுனி வட்டமானது. கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு வெண்ணிற ஆப்பு வடிவ வால் உண்டு.

வலசை வருபவற்றுள் விராலடிப்பானின் உணவு ஏறக்குறைய முழுதும் மீனே. வெண்தலையில் கண்ணை ஊடறுத்துக் கரும்பட்டை ஓடும். நீண்ட சிறகுகள் மணிக்கட்டில் மடங்கியிருக்கும். நீருக்கு மேல் சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, கால்களை முன்னீட்டிப் பாயும். வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்ப முடிவதாலும், பாதத்தில் முள் போன்ற சொரசொரப்பு இருப்பதாலும் வழுக்கும் மடவை மீனும் அதன் பிடியிலிருந்து நழுவாது. மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்தே தூக்கிச் செல்லும்.

சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழப் பறக்கும். மிதக்கும்போது சிறகுகளை ஆழமற்ற பள்ளம்போல் உயர்த்திப் பிடிக்கும். பெண் பறவை கரும்பழுப்பு. உச்சியும் தொண்டையும் வெளிர்மஞ்சள். பழுப்பான இளம் செம்பருந்தை இதுவெனத் தவறாகக் கொள்வதுண்டு. பூனைப்பருந்தின் நீண்டு ஒடுங்கிய வால் ஐயத்தைத் தீர்க்கும்.

பொரி வல்லூறுக்குக் கூரிய சிறகும் கன்னத்தில் மீசை போன்ற கரும்பட்டையும் உண்டு. உயரத்திலிருந்து பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டும். மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் கூட்டம் திடீரென எழுந்து இறுகிச் சுழன்றால், வானத்தில் வல்லூறைத் தேட வேண்டும்.

இனம் காண்பதில் நிறத்தைவிட உருவமும் பறக்கும் முறையுமே உறுதியான துணை. இளம் பறவைகளின் நிறம் முதிர்ந்தவற்றிலிருந்து வேறுபடும். கரையோர வெயிலில் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தெரியும். எனவே சிறகின் வளைவு, வாலின் வடிவம், வேட்டை முறை ஆகியவற்றைக் கண்டபின் நிறத்தைக் குறிப்பது முறை. சூரியன் முதுகுக்குப் பின்னிருக்குமாறு நின்று, 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கியால் தொலைவிலிருந்து பார்ப்பது பறவைக்கும் இடையூறு தராது.