எட்டப்பனுக்கு இங்கிலீஷ் என்ன?

சென்ற கோடையில் ஓட்டப்பிடாரத்துக்குப் போயிருந்தபோது என் பால்ய சிநேகிதர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒரு விசித்திரமான கச்சேரி நடந்துகொண்டிருந்தது. சிநேகிதர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். அவருடைய பேரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு சிறு புத்தகத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டிருந்தான். பையன் ருஷ்யாவில் வைத்தியம் படிக்கிறான். நோயாளிகளோடு பேச வேண்டுமானால் ருஷ்யப் பாஷை வேண்டும் அல்லவா? அதற்காக வாங்கிய புத்தகம் அது. இடது பக்கம் ருஷ்யப் பழமொழி, வலது பக்கம் அதற்கு ஈடான இங்கிலீஷ் பழமொழி. பையன் தன் நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் தமிழை நிரப்பிக்கொண்டிருந்தான். தமிழுக்குப் பொறுப்பு தாத்தா.

"தூலா ஊருக்குச் சமோவாரைக் கொண்டுபோகாதே" என்று படித்தான் பையன். தூலா சமோவாருக்குப் பேர்போன ஊர். சமோவார் என்பது வெந்நீர் கொதிக்கவைக்கும் பாத்திரம். இங்கிலீஷ்காரன் இதையே நியூகாஸிலுக்குக் கரி கொண்டுபோவது என்கிறான். தாத்தா கண்ணைத் திறக்காமலே, "கொல்லத் தெருவுல ஊசி வித்த கதைதான். எழுதிக்கோலே" என்றார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "திருநெல்வேலிக்கே அல்வாவான்னும் எழுது. அதுவும் சரிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறினேன். இப்படிப்பட்ட இடத்தை விட்டு யாருக்கு நகர மனம் வரும்?

ஆகாயத்தில் பறக்கும் கொக்கைவிடக் கையில் இருக்கும் சிட்டு மேல் என்கிறான் ருஷ்யாக்காரன். புதரில் இருக்கும் இரண்டு பறவையைவிடக் கையில் இருக்கும் ஒன்று மேல் என்கிறான் இங்கிலீஷ்காரன். "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே" என்றார் தாத்தா. மூன்று தேசத்திலும் ஒரே பறவைதான். கணக்குப் போட்டு இரண்டுக்கு ஒன்று என்று சொன்னவன் மட்டும் வியாபாரி.

ஏழு முறை அள, ஒரு முறை வெட்டு என்பது இன்னொரு ருஷ்யப் பழமொழி. குதிக்கும் முன் பார் என்பது இங்கிலீஷ். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம்முடையது. ஒன்று தையற்காரன் அல்லது தச்சன் சொன்னது. ஒன்று வேலியோ பள்ளமோ தாண்டப்போனவன் சொன்னது. நம்முடையது ஆற்றங்கரையில் நின்றவன் சொன்னதாக இருக்கவேண்டும். ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஆறு ஏது என்று கேட்பீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை பெய்த மறுநாள் எங்கள் கரிசலில் காலை வைத்துப் பாருங்கள். வைத்த கால் முழங்கால் வரை போகும். எடுத்த கால் செருப்பில்லாமல் வரும். அந்தப் பழமொழியை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

மழையைப் பற்றியும் ஒரு வாக்குவாதம் வந்தது. பலத்த மழையை ருஷ்யாக்காரன் வாளியால் கவிழ்த்ததுபோல் என்கிறானாம். இங்கிலீஷ்காரன் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்கிறான். தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாயும் பூனையுமா? மழையைப் போயி எவனாவது அப்படிச் சொல்லுவானா? அவனுக்கு வருஷம் பூரா பெய்யுது, கொழுப்பு!" என்றார். மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் நம்பி ஒரு ஆயுளைக் கழித்தவர். மழையைப் பழிக்கும் சொல் எந்தப் பாஷையில் இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

பழமொழிக்குப் பழமொழி ஈடு தேடும் இந்தக் காரியம் நம் நாட்டில் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரை உதவிக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தை மொழிபெயர்த்தவர், தமிழ்ப் பழமொழிகளையும் திரட்டினார். 1874-இல் சென்னையில் வெளிவந்த அவருடைய பெரிய தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. இருபது ஆண்டு கழித்து, 1894-இல், லாசரஸ் பழமொழி அகராதியே போட்டுவிட்டார். எந்தப் பழமொழியை எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வது என்று இங்கிலீஷில் குறிப்பும் தந்தார். 1897-இல் ஜென்சன் என்ற டேனிஷ் பாதிரியார் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். மதம் பரப்ப வந்தவர்கள் ஜனங்களின் வாயில் புழங்கும் சொல்லை அறியவேண்டி இதைச் செய்தார்கள் என்பது உண்மை. அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ருஷ்யாவிலும் இந்த வேலையைச் செய்தவர் ஒரு டேனிஷ்காரருடைய மகன் என்பது வேடிக்கை. விளாதிமிர் தால் என்று பெயர். கப்பற்படையில் இருந்து, பிறகு வைத்தியம் படித்தவர். கவி புஷ்கின் துவந்த யுத்தத்தில் குண்டடிபட்டு 1837-இல் உயிர் விட்டபோது படுக்கை அருகில் இருந்தவர். போன இடமெல்லாம் குடியானவர்களின் பேச்சைக் குறித்துவைத்தே பொழுதைப் போக்கினார். அப்படிச் சேர்ந்த முப்பதாயிரம் பழமொழிகளை அச்சிடப் போனால், அரசாங்கத்தாரும் பண்டிதர்களும் முட்டுக்கட்டை போட்டார்கள். குடியானவன் சொல்லில் பாதிரியையும் பிரபுவையும் பற்றி இருக்கிற கேலியெல்லாம் பொல்லாத சரக்கு என்பது அவர்கள் அபிப்பிராயம். பல ஆண்டுகள் காத்திருந்து 1862-இல்தான் புத்தகம் வந்தது. இந்தத் தால் பிறந்தது 1801 நவம்பர் மாதம். அதே மாதம் இங்கே, திண்ணையிலிருந்து சில மைல் தொலைவில், பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையைக் கும்பினியார் தூக்கில் போட்டார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓட்டப்பிடாரத்தில் உட்கார்ந்து 1801 என்ற எண்ணைப் படித்தால் மனம் அங்கேதான் போகும்.

பையன் பக்கத்தைப் புரட்டினான். "பொல்தாவாவில் ஸ்வீடன்காரன் ஒழிந்ததுபோல ஒழிந்தான்" என்று ஒரு வழக்கு வந்தது. 1709-இல் பொல்தாவா என்ற இடத்தில் மகா பீட்டர் ஸ்வீடன் அரசனை முறியடித்தார். அந்த யுத்தம் முந்நூறு ஆண்டுகளாக ருஷ்யாக்காரன் வாயில் இருக்கிறது. அழையாத விருந்தாளி தாத்தாரியனைவிடப் பொல்லாதவன் என்று இன்னொன்று. தாத்தாரியருக்கு அவர்கள் கப்பம் கட்டிய காலத்து வடு அது. பழமொழியில் இப்படிச் சரித்திரம் உறைந்து கிடக்கிறது என்று நான் பையனுக்கு விளக்க ஆரம்பித்தேன். தாத்தா குறுக்கே விழுந்தார்.

"அப்போ நம்ம ஊருது ஒண்ணு இருக்குல்லா? எட்டப்பன்! அதை எழுதுலே. எட்டப்பன் வேலை பாத்துட்டான்னு சொல்லுதோமே, அதுக்கு ருஷ்யாக்காரன் என்ன சொல்லுவான், இங்கிலீஷ்காரன் என்ன சொல்லுவான்?"

பையன் என்னைப் பார்த்தான். நான் என் சிநேகிதரைப் பார்த்தேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டப்பிடாரம் வ.உ.சி. 1872-இல் பிறந்த ஊர். ஒரு பக்கம் பாஞ்சாலங்குறிச்சி, வடக்கே எட்டயபுரம். இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1799 செப்டம்பரில் பானர்மன் படையோடு வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோது எட்டயபுரத்தார் கும்பினி பக்கம் இருந்தார்கள். தப்பிச் சென்ற கட்டபொம்மனைத் துரத்தினார்கள். ஆனால் அவர் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். கும்பினியாரிடம் ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பறிமுதலான நிலத்தில் எட்டயபுரத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. பிடித்துக் கொடுத்தவர் பெயர் பழமொழி ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான் ஆயிற்று.

இன்னும் சொல்லப்போனால், எட்டப்பர் கட்டபொம்மனின் நண்பரும் அல்ல, சேவகரும் அல்ல, பகையாளி. உப்பைத் தின்றவன் காட்டிக் கொடுத்தால் துரோகம். பகையாளி, தன் பகையைத் தீர்க்க அந்நியனோடு சேர்ந்தால் அதற்குப் பெயர் வேறு. அதுவும் நல்ல பெயர் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1801-இல் அதே எட்டயபுரத்தார் மறுபடியும் கும்பினிக்கு உதவினார்கள். ஊமைத்துரை பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, தரைமட்டமாகிக் கிடந்த கோட்டையைச் சில நாளில் எழுப்பிவிட்டார். மார்ச்சில் மோதிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி தம் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் ஊசலாடும் மகனைக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றும்படி கேட்டானாம். அவள் அவரைத் தூக்கிக்கொண்டு போனாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், அம்மை கண்டு செத்த பையன் என்று சொல்லி அழுதாள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். எதிரியின் புத்தகத்தில் இந்தத் தாய் இருக்கிறாள். பெயர் மட்டும் இல்லை.

எட்டப்பன் என்ற சொல்லுக்கு எட்டயபுரத்தார் சொல்லும் பரம்பரைக் கதை வேறு. முன்னோர் ஒருவர் ஒரு மல்லனை வென்று கொன்றார். அநாதைகளாக நின்ற அவன் தம்பிமார் எட்டுப் பேருக்கும் அவரே தகப்பனாக இருந்து காத்தார். ஆகவே எட்டு அப்பன். கதை நிஜமோ பொய்யோ, காப்பாற்றினவன் என்று பொருள் சொல்லி வைத்துக்கொண்ட பட்டம் காட்டிக் கொடுத்தவன் என்று பொருள் மாறிவிட்டது. அந்த அரண்மனைதான் உமறுப் புலவரை ஆதரித்தது. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் கண் மூடியது அந்த ஊரில்தான். பதினொரு வயதுச் சுப்பையாவுக்குப் பாரதி என்ற பட்டம் 1893-இல் கிடைத்ததும் அந்தச் சபையில்தான். ஆங்கிலேயரை எதிர்த்த முன்னோடி என்று இன்று நாம் கொண்டாடும் கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் யாருக்காகப் போரிட்டு மடிந்தார்? எட்டயபுரத்து அரசருக்காக!

இப்போது என் சிநேகிதர் முகத்தைத் திருப்பிய காரணம். 1959-இல் கட்டபொம்மன் படம் வந்தது. எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் சிறு பையன்கள். மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கட்டபொம்மன் ஆனோம். எட்டப்பன் வேண்டுமே? எட்டயபுரத்திலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன் இருந்தான். கணக்கில் புலி, எனக்கும் என் சிநேகிதருக்கும் அவன் சிலேட்டைப் பார்த்தே பரீட்சை தேறியது. அவனுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான். என் சிநேகிதர் அதைப் பள்ளிக்கூடம் பூராவும் பரப்பினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. அவனைப் பார்த்து எழுதியதாக நாங்கள் அகப்பட்டுக்கொண்ட அன்றுகூட வாத்தியாரிடம் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் அவன் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து மதுரை பஸ் நிலையத்தில் ஒரு முறை பார்த்தேன். மரியாதையாகப் பேசினான். சொந்த ஊர் எது என்று உடன் இருந்தவர் கேட்டபோது, "கோவில்பட்டிப் பக்கம்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பையன் பேனாவோடு காத்திருந்தான். இங்கிலீஷுக்கு வழி உண்டு என்றேன். 1940-இல் ஹிட்லருடைய படை நார்வேயில் இறங்கியபோது, அந்நாட்டு க்விஸ்லிங் என்பவன் தானே ஆட்சித் தலைவன் என்று அறிவித்துக்கொண்டான். பத்தே நாளில் லண்டன் டைம்ஸ் பத்திரிகை அவன் பெயரைத் துரோகிக்குப் பொதுப்பெயராக்கித் தலையங்கம் எழுதிவிட்டது. 1945-இல் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. க்விஸ்லிங்குக்காக யாரும் வருத்தப்படவேண்டியதில்லை. அவன் செய்தது ஊரறிந்தது. ஒருவன் பெயர் அது, ஓர் ஊரின் பெயர் அல்ல.

"ருஷ்யாவுக்கு?" என்றான் பையன்.

ருஷ்யாவுக்கு மஸேப்பா இருக்கிறான். அதே பொல்தாவா யுத்தத்துக்குச் சற்று முன்னே, 1708-இல், உக்ரேனியக் கோசாக்குகளின் தலைவனான மஸேப்பா மகா பீட்டரை விட்டு ஸ்வீடன் பக்கம் சேர்ந்தான். பீட்டருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மஸேப்பாவைப்போல் ஒரு பொம்மை செய்து தூக்கில் போட்டார். மாதா கோயில்களில் சாபம் இடச் செய்தார். யூதாஸ் விருது என்று கனத்த வெள்ளிப் பதக்கம் ஒன்று அவன் கழுத்தில் மாட்டுவதற்கென்றே செய்யச் சொன்னார். ஆள் அகப்படாமல் 1709-இல் இறந்துபோனான். ருஷ்யாவில் அவன் பெயர் வசவாகிவிட்டது. உக்ரேன் தேசத்திலோ பத்து ஹிரிவ்னியா நோட்டில் அவன் படம் அச்சாகியிருக்கிறது.

இதைச் சொன்னதும் பையன் எழுதப்போன கையை நிறுத்திவிட்டான். "எங்க கிளாஸுல உக்ரேன்ல இருந்து மாத்தி வந்த நம்ம ஊர்ப் பையங்க இருக்காங்க, தாத்தா. அங்கே இருந்த வாத்தியார் நல்லா பாடம் சொல்லுவாராம். அவருகிட்டே போயி இதைச் சொன்னா என்ன நினைப்பாரு?" என்றான்.

"ஒண்ணும் எழுதாதே. விட்டுரு" என்றார் என் சிநேகிதர்.

பையன் விடவில்லை. இங்கிலீஷ் கட்டத்தில் க்விஸ்லிங் என்று எழுதினான். ருஷ்யக் கட்டத்தில் மஸேப்பா என்று பென்சிலால் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். தமிழ்க் கட்டத்துக்கு வந்தபோது தாத்தாவை ஏறிட்டுப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, என்னிடம் மெதுவாக, "ஏன் வே, அவன் இப்போ எங்கே இருக்கானாம்?" என்று கேட்டார்.

சாயந்திரம் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். எட்டயபுரம் வழியாகப் போகிற பஸ் அது.