மங்கும் பார்வையும் முதியோர் மனமும்

திருப்பலி முடிந்து வெளியே வரும் பெரியவர் ஒருவர் நம்மைக் கண்டும் பேசாமல் போகிறார். "நம்மேல் என்ன கோபமோ?" என்று நினைக்கிறோம். கோபமாக இருக்க வேண்டியதில்லை. முகம் தெரியாமல் இருக்கலாம்.

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா சிதைவதுண்டு. நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை நிற்கும். எனவே வாசலில் கிடக்கும் செருப்பை விலகி நடப்பவருக்கு எதிரே நிற்கும் மருமகளின் முகம் தெரியாது. வீட்டார் "நடிக்கிறார்" என்கிறார்கள். நோயைவிட இச்சொல்லே அதிகம் வலிக்கிறது. கண்புரை வேறு, அதை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம். கண் நீர் அழுத்த நோயில் இழந்த பார்வை திரும்பாது; எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்க முடியும். "வயதானால் அப்படித்தான்" என்று இருந்துவிடக் கூடாது.

பலர் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத மனிதர்களும் பூக்களும் கட்டங்களும் கண்முன் தெரியும். சிலர் செய்வினை என்று அஞ்சுவர். புத்தி பேதலித்துவிட்டதோ என்று வாய் திறவாதோரும் உண்டு. ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் போனே, தம் தாத்தா சார்ல்ஸ் லுல்லினுக்கு நேர்ந்த இதே அனுபவத்தை 1760-இல் எழுதினார். தாத்தாவுக்கு ஏறக்குறைய 90 வயது. கண்புரையால் பார்வை குன்றியிருந்தது. அறிவோ தெளிவாக இருந்தது. இன்று இதன் பெயர் சார்ல்ஸ் போனே நோய்க்குறி. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானே உருவங்களை உண்டாக்குகிறது. அவை உண்மையல்ல என்பது பெரும்பாலும் பார்ப்பவருக்கே தெரியும். பேயோட்டும் செபம் கேட்டு அருள்தந்தையிடம் வருமுன் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குரல்களும் கேட்டால் காரணம் வேறாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோபித்து நூலை இந்தக் கண்ணோட்டத்தில் வாசித்துப் பாருங்கள். கணவர் பார்வை இழந்தபின் அன்னா கூலிக்கு நெசவு செய்கிறார். கூலியோடு கொடையாகக் கிடைத்த ஆட்டைத் திருட்டுப் பொருள் என்று சந்தேகித்துச் சண்டையிடுகிறார் தோபித்து. பிறகு சாவை வேண்டி மன்றாடுகிறார். பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்ததே அவரை உடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்வை இழந்த முதியோரிடம் மனச்சோர்வு மற்ற முதியோரைவிட அதிகம். உறக்கமின்மையும், "நான் இருந்து என்ன பயன்?" என்ற பேச்சும் தொடர்ந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

அருகில் சென்றதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாதீர்கள். வெள்ளைத் தட்டில் சோறு தெரியாது. அடர்நிறத் தட்டு தாருங்கள். பூண்டு உரிப்பதையும் கீரை ஆய்வதையும் அவர்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். பல ஆண்டுகள் வாசகம் வாசித்தவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்குமுன், பெரிய எழுத்தில் அச்சிட்டு, நல்ல விளக்கு ஒன்றை வாசக மேடையில் வைத்துப் பாருங்கள்.