தோட்ட நிலம் வீடமைப்பாக மாறும்போது: ஆட்சேபம் சொல்லும் காலம் எது?

மண்வாரி இயந்திரம் வந்து செம்பனை மரங்களைச் சாய்க்கத் தொடங்கிய பிறகுதான், பக்கத்து நிலத்தில் என்ன வரப்போகிறது என்று நம்மில் பலர் கேட்கிறோம். மனு எழுதுகிறோம், சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கிறோம். ஆனால் நாம் பேசுவதற்குச் சட்டம் ஒதுக்கிய காலம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துபோயிருக்கும். அந்தக் காலம் எப்போது வருகிறது, அப்போது யார் பேசலாம் என்பதைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு கதவுகள்

மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. பட்டாவில் 'விவசாயம்' என்றுள்ள நிலத்தில் வீடமைப்புத் திட்டம் கட்ட வேண்டுமானால், தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்கீழ் நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். இது முதல் கதவு. இங்கே உரிமையாளரும் மாநில அரசும் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். பொதுமக்கள் ஆட்சேபம் சொல்வதற்கென்று இந்தப் பிரிவில் தனி விசாரணை முறை கிடையாது.

இதே சட்டத்தில் தோட்டங்களுக்கென்று 214ஏ என்ற பிரிவும் இருக்கிறது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பெயருக்கு மாற்ற வேண்டுமானால், தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுப்பதற்கான பிரிவு இது. முழுத் தோட்டத்தையும் ஒரே நிறுவனம் வாங்கினால் இந்தப் பிரிவு குறுக்கே நிற்காது.

இரண்டாவது கதவு திட்டமிடல் சட்டம். தீபகற்ப மாநிலங்களுக்கு 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் பொருந்தும். பரவலாக இதனை '172ஆவது சட்டம்' என்பார்கள். கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களுக்கு 1982ஆம் ஆண்டின் 267ஆவது சட்டம் உண்டு. சபாவுக்கும் சரவாக்கிற்கும் சொந்தச் சட்டங்கள் உள்ளன. பொதுமக்கள் பேச இடமிருப்பது இந்த இரண்டாவது கதவில்தான்.

வண்ண வரைபடத்தின் வலிமை

172ஆவது சட்டத்தின்படி மாநிலம் முழுவதற்கும் 'ரஞ்சாங்கான் ஸ்ட்ருக்தூர்' எனும் கட்டமைப்புத் திட்டமும், அதற்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்திற்கும் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனும் உள்ளூர்த் திட்டமும் வரையப்படுகின்றன. எந்த நிலம் வீடமைப்பு, எது தொழிற்பேட்டை, எது விவசாயம், எது திறந்தவெளி என்பதை உள்ளூர்த் திட்டத்தின் வரைபடம் வண்ணமிட்டுக் காட்டும். அது அரசிதழில் வெளியாகி நடப்புக்கு வந்த பிறகு, நிலத்தை அதற்கு ஏற்பவே பயன்படுத்த வேண்டும்.

உள்ளூர்த் திட்டத்தின் வரைவை ஊராட்சி மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 4 வாரம் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பேச நிலப் பட்டா தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும், லயத்து வீட்டில் இருப்பவரும், கோயில் நிர்வாகமும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுத்து மூலம் ஆட்சேபமோ கருத்தோ கொடுக்கலாம். பின்னாளில் அந்தத் திட்டத்தைத் திருத்தும்போதும் இப்படிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

நாம் பெரும்பாலும் தவறவிடுவது இந்த 4 வாரத்தைத்தான்.

தவறவிட்டால் என்ன ஆகும்?

வரைபடத்தில் பக்கத்து நிலம் வீடமைப்பு என்று குறிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறகு மேம்பாட்டாளர் 'கெபெனாரான் மெரஞ்சாங்' எனும் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார். அப்போது நமக்கு அறிவிப்பு வருமா?

172ஆவது சட்டத்தின் 21ஆவது பிரிவு கூறுவது இது: அந்த இடத்திற்கு உள்ளூர்த் திட்டம் இல்லாவிட்டால்தான் அண்டை நில உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது கிடைத்த 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் நடப்பில் இருந்தால் இந்தப் பிரிவின்கீழ் அறிவிப்புக் கட்டாயம் இல்லை. 'திட்டம் வரைந்தபோதே உங்களைக் கேட்டோமே' என்பதுதான் சட்டத்தின் எண்ணம். மாநில விதிகள் கூடுதல் அறிவிப்பைக் கேட்கக்கூடும் என்பதால், ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் விசாரிப்பது நல்லது.

'அண்டை நிலம்' என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. ஒட்டியிருக்கும் நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, கால்வாய் அல்லது ஒதுக்கு நிலத்திற்கு அப்பால் இருக்கும் நிலம் ஆகியவை அதில் அடங்கும். முட்டுச்சாலையைப் பயன்படுத்தும் உரிமையாளர்களுக்கு மட்டும் 200 மீட்டர் தூரம் வரை இந்த உரிமை நீள்கிறது. எல்லாமே நில உரிமையாளர்களுக்கு. மூன்று தலைமுறையாக அதே லயத்தில் வாழ்ந்தாலும், பட்டா இல்லாதவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்.

இப்பிரிவின்கீழ் ஆட்சேபம் கொடுத்த அண்டை உரிமையாளர், மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் ஒரு மாதத்திற்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்திற்குச் செல்லலாம். மற்றவர்களுக்கு எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அதற்கு 3 மாதம்தான் அவகாசம்.

சுற்றுச்சூழல் காவல்

பெரிய திட்டங்களுக்கு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவின்கீழ் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும். 2015ஆம் ஆண்டு ஆணை இத்திட்டங்களை இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறது. இரண்டாம் பட்டியல் திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

குன்றுகளுக்குத் தனிக் கவனம் உண்டு. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. சுற்றுச்சூழல் பாதிப்புக்கு எளிதில் ஆளாகும் இடம் எனத் திட்டத்தில் குறிக்கப்பட்ட குன்று உச்சி, சரிவு ஆகியவற்றில் மேம்பாடு என்றால், மாநிலத் திட்டக்குழு தேசிய பௌதிகத் திட்ட மன்றத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

அனுமதியின்றி மேம்பாட்டு வேலை தொடங்கினால் 500,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விவசாய நிலத்தில் திடீரென முளைக்கும் தொழிற்சாலையைப் பற்றி மன்றத்தில் புகார் செய்ய இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

ரிம்பா கியாரா சொல்லும் பாடம்

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்ட 2017 ஜூலையில் அனுமதி வழங்கப்பட்டது. கட்டமைப்புத் திட்டத்தில் அது பசுமைத் திறந்தவெளி. வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்து, 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

கட்டமைப்புத் திட்டம் வெறும் வழிகாட்டி ஏடு அல்ல. அதிலிருந்து விலகினால் டத்தோ பண்டார் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நில உரிமை பெற்றிருந்த அறவாரியத்தில் அவரே பொறுப்பில் இருந்ததால் எழுந்த நல முரண்பாட்டையும் அது சுட்டிக் காட்டியது.

இதே வழக்கில் நம் சமூகம் கவனிக்க வேண்டிய மற்றொரு பக்கம் உண்டு. பூங்காவை ஒட்டிய லயங்களில் இருந்தவர்கள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் முன்னாள் பாட்டாளிக் குடும்பங்கள். 1980களிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள். ரத்தான திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. பூங்கா காப்பாற்றப்பட்டது, அவர்களின் காத்திருப்பு நீண்டது. தோட்டம் கைமாறிய காலத்திலேயே அவர்களின் வீட்டுக்கென்று ஓர் இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால், பூங்காவா வீடா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

இப்போதே செய்யக்கூடியவை

உங்கள் வட்டாரத்திற்கு உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ளதா, எப்போது திருத்தப்படும் என்று ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். வரைபடத்தில் உங்கள் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, திடல் ஆகியவை என்ன வண்ணத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். கோயில் நிற்கும் இடம் வீடமைப்பு என்று காட்டப்பட்டிருந்தால், திருத்தம் கோர வேண்டிய நேரம் அந்த 4 வாரம்தான்.

ஆட்சேபத்தில் கோபத்தைக் காட்டிலும் காரணம் முக்கியம். வடிகால், வெள்ளம், சரிவு, போக்குவரத்து, திறந்தவெளி, கட்டமைப்புத் திட்டத்துடன் பொருந்தாமை போன்றவற்றை நில எண்ணுடனும் படத்துடனும் எழுதுங்கள். மன்றத்தின் முத்திரையிட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால், நாம் உரிய நேரத்தில் பேசினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.